பன்னிரண்டாம் சிங்கத்தின் கண்

உச்சி கடந்தும் கதிரவன் சினம் தணியாத செவ்வாய்ப் பிற்பகலில், சரக்குப் பெட்டிகளை மலைமலையாய் அடுக்கிவைத்த வளைகுடா நாட்டின் ஜெபல் அலித் துறையருகே, வெண்தூள் படிந்த கொட்டகை ஒன்றின் நடுவே, பளிங்குச் சிங்கங்கள் பன்னிரண்டு வட்டமாய் நின்று பெருந்தொட்டி ஒன்றை முதுகில் தாங்கியிருந்தன. அந்தலூசிய அரண்மனை முற்றத்தில் பல நூற்றாண்டாய் நீர் உமிழும் சிங்க ஊற்றைத் தம் மாளிகையிலும் காண விழைந்த செல்வர் ஒருவருக்காக, பதினான்கு திங்கள் உளியும் கையுமாய்க் கிடந்து அவற்றைச் செதுக்கியவன் சோலைமுத்து.

கண்ணைக் கடைசியில், நல்ல நேரம் பார்த்துத் திறப்பது அவன் குலத்துச் சிற்பிகளின் வழக்கம். பதினொன்றுக்குத் திறந்தாயிற்று, எஞ்சிய ஒன்றையும் முடித்தால் அன்று மாலையே ஊர் செல்லலாம் என்று மேலாளர் ராஜிக் வாக்களித்திருந்தார். ஊரில் மனைவி பூவாயிக்கு வியாழனன்று நெஞ்சில் அறுவை. மணியோ மூன்று, நான்கரை வரை இராகுகாலம். அவள் உயிரை எண்ணி அஞ்சிய அப்பேதை, எடுத்த உளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

நான்கு மணிக்குச் செல்வர் வந்தார். சுற்றிப் பார்த்து முகம் சுளித்து, சிங்கங்கள் தம்மை முறைப்பதாகக் குறைபட்டவர், விழியற்ற பன்னிரண்டாவதன் முன் நின்று மனம் குளிர்ந்து சிரித்தார்.

அவர் சென்றதும் ராஜிக் சொன்னார்: “முதலாளிக்கு இந்தக் குருட்டுச் சிங்கந்தான் புடிச்சிருக்கு, சோல. மத்த பதினொண்ணுக்கும் கண்ணத் தேச்சு எடுத்துரு. லீவு அதுக்கப்புறம்.”

“நாளக் கழிச்சு ஆப்ரேசன், பாய். நான் வருவேன்னு நம்பிக் கெடக்கா.”

“ஒன் பாஸ்போர்ட்டு நம்ம ஆபீஸ்ல இருக்கு. வேலைய முடி.”

தான் திறந்த கண்களைத் தானே அழிக்கத் தொடங்கினான். ஒன்றரை மணி பொறுக்காமல் உளியை ஓட்டியிருந்தால் இந்நேரம் வானில் இருந்திருப்போமே என்று நெஞ்சு வெந்தது. வியாழனன்று எட்டாம் சிங்கத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கையில் மைத்துனி விஜி அழைத்தாள்.

“உள்ள கொண்டுபோறப்ப, வந்துட்டாரான்னு அக்கா கேட்டுச்சு. பிளேன் ஏறிட்டீங்கன்னு பொய் சொன்னோம், மாமா. சிரிச்சுக்கிட்டே போச்சு. உசுரோட திரும்பல.”

ராஜிக் வந்து தோளைத் தொட்டார், தேநீர் வருவித்தார், அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, இன்னும் எத்தனை என்று கேட்டார். நான்கு என்றான் சோலைமுத்து.

இன்று அம்மாளிகை முற்றத்தில் பன்னிரண்டு சிங்கங்களும் ஓயாது நீர் உமிழ்கின்றன. விருந்தினர் அவற்றின் அருகே நின்று படம் எடுத்து மகிழ்கின்றனர். சோலைமுத்து அதன்பின் எத்தனையோ உருவங்கள் செதுக்கினான். எதற்கும் அவன் நல்ல நேரம் பார்த்ததில்லை.