குழந்தைவேலுவின் அரை நாட்கள்

சரவணம்பட்டிக் கிளையில் புரோகிராமர் குழந்தைவேலு பதினோரு வருடமாக முழு எண்ணாக இருந்துவந்தார். அங்கே பழைய கம்ப்யூட்டர் மொழிதான் புழக்கம். அதில் எதுவும் உள்ளே வருமுன் தன் வகையை அறிவித்தாக வேண்டும்: எழுத்தா, முழு எண்ணா, பின்னமா. அவர் சேர்ந்த அன்று யாரோ அவசரத்தில் முழு எண் என்று போட்டுவிட்டார்கள். திருத்தலாம். ஆனால் திருத்தினால் கிளை முழுவதையும் கம்பைல் செய்ய, அதாவது முதலிலிருந்து மறுபடி கோத்தெடுக்க வேண்டும். அது முடியும்வரை நூற்றிருபது பேரும் வெளியே புங்கமரத்தடியில் நிற்க வேண்டும். போன முறை மூன்று வாரம் நின்றார்களாம். குழந்தைவேலு நல்ல மனிதர், யாரையும் அப்படி நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

முழு எண்ணுக்குப் பெரிய சிரமம் ஒன்றுமில்லை, அரை நாள் விடுப்பு கிடைக்காது என்பதைத் தவிர. விண்ணப்பித்தால் விடுப்புத் தளம் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். மிச்சம் பூஜ்யம். வெட்டிய அரை நாள் அவர் மேஜைக்குக் கீழே விழும். கூட்டிப் பெருக்கும் சொர்ணம் அக்கா அதை எடுத்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார்.

தும்பி என்ற புது மொழியையும், அதில் இணையதளங்களைக் கட்ட உதவும் சாரம் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கையும் அங்கிருந்த பன்னிரண்டு புரோகிராமர்களுக்கு அறிமுகப்படுத்தத் தலைமை அலுவலகம் என்னை அனுப்பியது. வியாழன் வரை வகுப்பு. வெள்ளி காலை புதிய விடுப்புத் தளத்தைத் திறந்தாக வேண்டும்.

திங்களன்று பன்னிரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள்.

"இதெல்லாம் என்ன வகைன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே மேடம்" என்று நாற்காலிகளைக் காட்டினார் நல்லசிவம்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உட்கார முடிஞ்சா நாற்காலி. தும்பியில அவ்வளவுதான்" என்றேன்.

நல்லசிவம் போய்ப் பிரிண்டர் மேல் உட்கார்ந்தார். அது அவரை ஏற்றுக்கொண்டு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தது. அன்று மாலை வகுப்பில் பதினான்கு பேர்.

டீ இடைவேளையில் ஒரு வடையைப் பிய்த்துப் பாதியைக் குழந்தைவேலுவிடம் கொடுத்தேன். அவர் உள்ளங்கையில் பட்டதும் அது காணாமல் போனது.

"பரவால்லீங்க, பழகிருச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பாப்பாவுக்குக் கோ-கோ ஃபைனலுங்க. ஆறாவதுல இருந்து வருசா வருசம் அரை நாள் கேக்கறேன். ஒரு மேட்சும் பார்த்ததில்லீங்க. இப்ப பிளஸ் டூ. இதுதான் கடைசி" என்றார்.

வெள்ளி காலை எல்லோரும் தளத்தைத் திறக்க இருந்தாக வேண்டும். முழு நாளுக்கு வழியில்லை. மீதி வகுப்புகளை அவருக்காகவே நடத்தினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதனன்று சாரத்தைத் தொடங்கினோம். 'விடுப்பு' என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். மேஜைகளைச் சுற்றிச் சவுக்குக் கம்புகள் எழும்பின, கயிறு தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டது. டீ வருவதற்குள் உள்ளே பட்டியலுக்கு ஒரு பக்கம், விண்ணப்பத்துக்கு ஒரு பக்கம், ஒப்புதலுக்கு ஒரு பக்கம் நின்றன. பழைய மொழியில் ஒரு கதவு வைக்கவே மூன்று மாதம் எழுதியவர்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

"பேரை ஒழுங்கா வெச்சா மீதியை அதுவே கட்டிக்கும்" என்றேன்.

வியாழனன்று ஒவ்வொருவரும் தம் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. குழந்தைவேலு கீபோர்டில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

"என்னை என்னன்னு போடறதுங்க மேடம்?"

"ஒண்ணும் போட வேண்டாம் சார். நீங்க எதைச் செய்றீங்களோ, அதுதான் நீங்க."

அவர் பெயரை மட்டும் அடித்தார். தளம் வேறெதுவும் கேட்கவில்லை. மூன்று நல்லசிவங்களில் ஒருவர் ஓடிப்போய் அரை வடை கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. அவர் அதைத் தின்னவில்லை, மாடி மாடியாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். நான் அழுதுவிட்டேன்.

வெள்ளி காலை பத்து மணிக்குத் தளம் திறந்தது. பன்னிரண்டே முக்காலுக்குக் குழந்தைவேலு அரை நாள் கேட்டார். மேனேஜர் ஜெசிந்தா அரை நாளுக்கே ஒப்புதல் கொடுத்தார். மேஜைக்குக் கீழே எதுவும் விழவில்லை. நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். சொர்ணம் அக்கா அட்டைப்பெட்டியை நீட்டினார்.

"ஆறும் பத்திரமா இருக்குங்க சார். உங்களுதுதானே, எடுத்துட்டுப் போங்க."

அவர் அதை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

நாலரைக்குப் போன் வந்தது. "ஜெயிச்சுட்டாங்க மேடம்! கடைசியில பாப்பா மட்டும் நாலு பேரைத் தொட்டா! பெட்டியத் தொறந்தேனுங்க, இப்ப போன வருச மேட்ச் ஆரம்பிச்சிருச்சு."

ஏழு மணிக்கு மறுபடி அழைத்தார். "இப்ப அவ ஆறாவது படிச்சப்ப நடந்த மேட்சுங்க. பாப்பா இத்தனூண்டு இருக்கா. தோத்துட்டுத்தான் இருக்காங்க. ஆனா நிமிசத்துக்கொரு தடவை திரும்பிப் பார்க்கறாளுங்க, நான் வந்திருக்கேனான்னு."

"வந்திருக்கீங்களே."

"வந்திருக்கேனுங்க" என்றார்.

ஊர் முழுக்க இருட்டிவிட்டிருந்தது. தூரத்தில் தெரிந்த பள்ளி மைதானத்தின் மேல் மட்டும் மூன்று மணி வெயில் அடித்தது. கண் கூசியதால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நல்லசிவங்களோடு சேர்ந்து சவுக்குக் கம்புகளை அவிழ்த்து அடுக்கத் தொடங்கினேன்.