சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு வீடு

எழுபத்திரண்டில், அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்தில் இருந்த எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு வீடு கட்டித் தர வந்தார் இஞ்சினியர் பக்தவத்சலம். மற்ற ஆபீசர்களைப் போல அவர் அதட்டவில்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது. பக்கத்து மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் வீடுகளை வரைந்து, யாருக்கு எப்படி வேண்டும் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. சொக்கிப்போனோம்.

பூங்காவனம் ஃபேக்டரி கேட்டில் இட்லி விற்பவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த அடுப்புதான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது.

"சார், எனுக்குத் தரையோட ஊடு வோணும். வாசல் ரோட்டப் பாத்துகினு இருக்கணும். அடுப்ப வெளிய வச்சாத்தான் எனுக்குப் பொழப்பு" என்றாள்.

அவர் அவளையே கோடு போடச் சொன்னார். குனிந்து வரைந்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"உத்தரவு வர்ற வரைக்கும் குடிசையிலயே இருங்க" என்றும் அவர் சொன்னார். நாங்கள் கேட்டால்தானே! ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? ஆனி முடிவதற்குள் குடி போய்விட வேண்டும் என்று, அவசரக்குடுக்கைகள், குடிசைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, கோட்டுக்குள் பாய் விரித்துப் பால் காய்ச்சினோம். பூங்காவனம் தன் வாசல் கோட்டில் இரண்டு கழி நட்டு மாவிலை கட்டினாள்.

முதல் மழையில் கோடு கரைந்தது. குடிசை இருந்த இடத்தில் ஃபேக்டரிக்காரன் முள்வேலி போட்டான். "நீங்களாத்தானே காலி பண்ணீங்க?" என்றது ஆபீஸ். மைதானமும் அவனுக்கே போயிற்று. கையில் இருந்த ஒரே பிடியை நாங்களே விட்டிருந்தோம்.

நாயாய் அலைந்த பிறகு, கேட்டிலிருந்து வெகு தூரத்தில், மாடிக் கட்டடத்தில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். பூங்காவனத்துக்கு விழுந்தது மூன்றாவது மாடி. அங்கே அடுப்பை வைத்து யாருக்கு இட்லி விற்பாள்? பத்துப்பாத்திரம் தேய்க்கப் போனாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மூத்த மகளும் கூடப் போனாள்.

மறு வருஷம் பக்தவத்சலம் படியேறி வந்தார். வேறொரு குப்பத்தில் கோடு போடப் போகிறாராம். அந்தச் சனங்களிடம் இவள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். எனக்கு வாய் வரை வசவு வந்துவிட்டது. பூங்காவனம் நிதானமாகத்தான் சொன்னாள்.

"அவுங்கள ஒண்ணும் கேக்காத சார். கேக்காம இடிச்சா உன்னத் திட்டிகினு பொழச்சிப்பாங்க. நீ என்னக் கேட்டுட்டே, நான் என்னியே திட்டிகினு கீறேன்."