பேட்ஜைக் கழற்றிய பிறகு

எங்கள் பயிற்சி நிலையம் யாருக்கும் ஓட்டுக் கேட்காது. சட்டம் அப்படி. நன்கொடையில் நடக்கிற, வரி விலக்கு வாங்கிய அமைப்பு. இவருக்குப் போடு, அவருக்குப் போடாதே என்று வாயைத் திறந்தால் விலக்குப் போய்விடும். வலதுசாரிக் கொள்கை உள்ள கன்சர்வேடிவ் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, வீடு வீடாகக் கதவைத் தட்டுவது எப்படி, போனில் பேசுவது எப்படி, கேமராவுக்கு முன்னால் எச்சில் விழுங்காமல் பதில் சொல்வது எப்படி என்று கற்றுக்கொடுப்போம். அதற்கப்புறம் அவர்கள் யாருக்காக உழைத்தாலும் அது அவர்கள் பாடு.

ஆனால் அரசியல்காரனால் வாயை மூடிக்கொண்டு எத்தனை நேரம் இருக்க முடியும்? அதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பயிற்சி முடிகிற சனிக்கிழமை மத்தியானம், நிலையத்துக்கு வெளியே எங்காவது ஒரு விருந்து. வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். கழுத்தில் தொங்குகிற பேட்ஜைக் கழற்றி எல்லோரும் அதில் போட்டுவிட வேண்டும். போட்டாயிற்றா, அதற்கு மேல் அங்கே டைரக்டர் கிடையாது, டீச்சர் கிடையாது. பன்றிக்கறி தின்ன வந்த ஜனங்கள்தான். எதை வேண்டுமானாலும் பேசலாம். எங்கள் வக்கீல் அந்தக் கூடையைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்வார். பாவம், அவரும் பேட்ஜைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

நான் அங்கே இரண்டு பாடம் எடுக்கிறேன். முதல் பாடம், தேர்தல் வேலைக்கு ஆளை இழுப்பது. 'வருவீங்களா?' என்று கேட்கிறவன் முட்டாள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். வருகிறாரா என்பது கேள்வியே இல்லை. சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தா என்பதுதான் கேள்வி. எதிராளி காரணம் சொன்னால் வாதாடாதே, அந்தக் காரணத்தைத் தீர்த்து வை. கார் இல்லையா, காரை அனுப்பு. குழந்தையைப் பார்க்க ஆள் இல்லையா, ஆளை அனுப்பு. காரணம் எல்லாம் தீர்ந்துபோன மனுஷன் தானாகச் சரி என்பான். இந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

இரண்டாவது பாடம், தேர்தலில் நிற்கப்போகிறவர்களுக்கு. எதிர்க்கட்சிக்காரன் தோண்டுவதற்கு முன்னால் உன் வீட்டை நீயே தோண்டு. கிடைக்கிற குப்பையை நீயே முதலில் தெருவில் கொட்டிவிடு. நீயே சொன்னால் அது சர்ச்சில் சொல்கிற சாட்சி, அவன் சொன்னால் அது அசிங்கம்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நான் என் வீட்டில் ஒரு கரண்டி மண்ணைக்கூடக் கிளறினதில்லை. கிளறினால் கோல்பி கிடைப்பான். என் மகன். பள்ளிக்கூட ஃபுட்பாலில் முதுகை உடைத்துக்கொண்டு, வலி மாத்திரையில் ஆரம்பித்து, மாத்திரைக்காகப் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கிற வரைக்கும் போனான். ஜெயிலுக்கும் போனான். திரும்பி வந்தவனை நாங்கள் இருக்கிற ஃப்ரன்ட் ராயலில் வைத்துக்கொள்ளவில்லை. தெற்கே ஹாரிசன்பர்க்கில் ஒரு டயர் கடையில் வேலை தேடிக்கொண்டு அவனே போய்விட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, மாத்திரையைத் தொடவில்லை. "இங்க என்னை யாருக்கும் தெரியாதும்மா, அதுவே போதும்," என்று ஒரு தடவை சொன்னான். அவன் யாருக்கும் தெரியாதவனாகவே இருக்க வேண்டும் என்பதைத் தவிர கர்த்தரிடம் நான் வேறு எதையும் கேட்டதில்லை.

இந்த வருஷ விருந்து எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். விருந்து எப்போதும் வாஷிங்டன் பக்கத்தில்தான் நடக்கும். இத்தனை பேரும் காரில் மலைப்பக்கம் வந்து இறங்க என்ன அவசியம்? போதாததற்கு என் புருஷன் டுவேன் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். கல்யாணத்துக்கே டை கட்ட மாட்டேன் என்று அடம் பிடித்த ஆள்.

"என்ன இது, யாராவது செத்துட்டாங்களா?" என்றேன்.

"சும்மா வந்தேன். நான் சாப்பிட வரக் கூடாதா?" என்று தட்டில் கறியை அள்ளிக்கொண்டு என் கண்ணைப் பார்க்காமலே நகர்ந்தான்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது டைரக்டர் லேத்ராப் எழுந்தார். வெறும் கழுத்தைத் தடவிக் காட்டி, "பேட்ஜ் இல்ல, பாத்துக்குங்க. இப்ப நான் சும்மா ஒரு கிழவன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டார்.

அது எங்கள் விளையாட்டு. யாராவது ஒருவர் பெயரைக் கூட்டம் கத்தும். அவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். தேர்தலில் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் நிற்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. கல்லூரிப் பிள்ளைகளை மாணவர் சங்கத்துக்கு நிற்க வைக்கத்தான் இதை ஆரம்பித்தோம். ஆரம்பித்த மகராசி நான்தான்.

"இந்த ஊர்த் தொகுதி சட்டசபை மெம்பர் இந்தத் தடவை நிக்கல," என்றார் லேத்ராப். "பதிலுக்கு யாரு?"

"மிஸ் நடீன்!" என்று கூடமே கத்தியது. என் பெயர். ஒரே குரல். ஒத்திகை பார்த்திருக்கிறார்கள், கழுதைகள்.

என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தவள் மெரிடித். என் மாணவிகளிலேயே கெட்டிக்காரி. இப்போது என்னோடு பாடம் எடுக்கிறாள். பின் வரிசையில் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். விருந்து நேரலையாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். "போங்கடா டேய்! நான் போயிட்டா கிளாஸ் யாரு எடுக்கறது?"

"நான் எடுக்கறேன் மிஸ்," என்றாள் மெரிடித்.

"சட்டசபை ரிச்மண்ட்ல இருக்கு. அவ்வளவு தூரம் என்னால கார் ஓட்ட முடியாது. கண்ணு மங்குது."

ஐந்தாறு பேர் கையைத் தூக்கினார்கள். "நாங்க முறை போட்டு ஓட்டறோம் மிஸ். டிக்கெட் வேணாம், பாட்டு மட்டும் எங்க இஷ்டம்."

மறுபடி சிரிப்பு. நல்ல துருப்புச் சீட்டு ஒன்று மிச்சம் இருந்தது. "வீட்டுல கேக்கணுமில்ல? டுவேன் ஒத்துக்க மாட்டான்," என்று அவனைப் பார்த்தேன். பார்வையிலேயே கெஞ்சினேன். முப்பது வருஷம் கூட இருந்தவனுக்கு ஒரு பார்வை புரியாதா?

பாவி மனுஷன், வாயில் கறியோடு எழுந்து நின்றான். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. பெருமையாத்தான் இருக்கு. சமையல்கூட நானே பாத்துக்கறேன்."

"நீ சமைச்சா கட்சிக்கு ஒரு ஓட்டு குறையும் டுவேன்!" என்று யாரோ கத்த, கூடம் அதிர்ந்தது.

காரணங்கள் தீர்ந்துபோய்விட்டன. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைச் சொன்னால் இந்த நிமிஷமே தப்பித்துவிடுவேன். சொன்னால் எதைக் காப்பாற்ற நினைக்கிறேனோ அது அந்த நேரலையில் ஊர் முழுக்கப் போய்விடும். வேறு கூட்டமாக இருந்தால், 'சொந்த விஷயம்' என்று சொல்லி எழுந்துவிடலாம். இந்தக் கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் தோண்டி எடுத்துவிடுவார்கள். தோண்டக் கற்றுக்கொடுத்தவள் நான். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆப்பைப் பிடுங்கிய குரங்கு இப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

மெரிடித் என் பக்கத்தில் மண்டியிட்டாள். குரலைத் தாழ்த்தி, அன்பாகத்தான் கேட்டாள். "கோல்பி விஷயம்தானே மிஸ்?"

நான் பின் வரிசையில் இருந்த போனைத்தான் பார்த்தேன்.

"நாங்க தோண்டிட்டோம். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? பயப்படாதீங்க. அவரே முதல்ல சொல்லிட்டாரு. பாருங்க."

சுவரில் வெள்ளைத் துணி இறங்கியது. அதில் என் மகன் முகம். தலையைப் படிய வாரி, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. பின்னால் நீலத் திரை. முகத்தின் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம், நான் வகுப்பில் வைக்கச் சொல்கிற அதே கோணம்.

"என் பேர் கோல்பி. நான் மாத்திரைக்கு அடிமையா இருந்தேன்," என்றான். மூச்சு விடுகிற நேரம் நிறுத்தினான். அந்த இடத்தில் நிறுத்து என்று நான்தான் எல்லோருக்கும் சொல்வேன். "திருடியிருக்கேன். ஜெயில்ல இருந்திருக்கேன். எங்கம்மா என்னைக் கைவிடல. உங்களையும் கைவிட மாட்டாங்க." கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. அதுவும் என் பாடம்தான்.

கூடத்தில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். லேத்ராப் கைக்குட்டையை எடுத்தார். டுவேன் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. ஐயோ, என் பிள்ளை, யார் கண்ணிலும் படாமல் இருக்க ஓடிப்போனவன், எனக்காக இத்தனை பேர் முன்னால் வந்து நின்றிருக்கிறானே என்று நெஞ்சு விம்மியது. அவனுக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இல்லையா? நான் இப்போது எழுந்து வேண்டாம் என்றால் அவன் முகத்தில் துப்பின மாதிரி இருக்காதா?

"சரி, நிக்கறேன்," என்றேன்.

கூடம் ஆர்ப்பரித்தது. யாரோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், யாரோ என் மேல் இனிப்புத் தேநீரைக் கொட்டினார்கள். எல்லோரையும் விலக்கிக்கொண்டு தீயணைப்பு வண்டிகள் நிற்கிற பக்கம் போய்க் கோல்பிக்குப் போன் போட்டேன். அவன் வேலையில் இருந்தான். பின்னால் காற்றடிக்கிற மெஷின் இரைந்தது.

"பாத்தியாம்மா? நல்லா இருந்துச்சா? சட்டை என்னுது இல்ல, மெரிடித் அண்ணனோடது. கழுத்து ரொம்ப டைட்டு."

"ராஜா மாதிரி இருந்தேடா. உனக்கு எங்கிருந்துடா இவ்வளவு தைரியம் வந்துச்சு?"

மெஷின் நின்றது.

"வேணாம்னு சொல்லத்தாம்மா போனேன்," என்றான். "சத்தியமா. அப்பா போன் பண்ணப்பவே வேணாம்னுட்டேன். நேர்ல வந்து சொல்லிட்டுப் போ, யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்கன்னாரு. போனேன். வீடியோ எடுக்கற நாளைக்கு லீவு கிடைக்காதுன்னேன். மெரிடித்தே முதலாளிகிட்டப் பேசி வாங்கிட்டாங்க."

"முதலாளிகிட்டயா? என்னன்னு சொல்லி?"

"எல்லாத்தையும்தான் சொன்னாங்க. நல்ல மனுஷன்மா, ஒண்ணும் திட்டல. தோளைத் தட்டிக்குடுத்தாரு. ஆனா அன்னிலேருந்து கல்லாப் பக்கம் என்னை நிக்க விடறதில்ல." அவன் இருமினான். "அப்புறம் போட்டுக்க நல்ல சட்டை இல்லன்னேன். சட்டை குடுத்தாங்க. பேச வராதுன்னேன். எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா."

உள்ளே ஓடிப்போய் மேஜைகளைக் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. லேத்ராப்பின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும், டுவேனை அந்த டையாலேயே கட்டிப் போட வேண்டும். ஆனால் யாரை அடித்து என்ன? எங்கள் ஊரிலிருந்து ஹாரிசன்பர்க் வரைக்கும் பிள்ளையின் முகம் போய்ச் சேர்ந்தாயிற்று. நான் நின்றாலும் நிற்காவிட்டாலும் அது திரும்பி வரப்போவதில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே," என்றான். "உனக்கு இது ரொம்ப நாள் ஆசையாம். என்னாலதான் நிக்காம இருந்தியாம். மெரிடித் சொன்னாங்க. அதைக் கேட்டுத்தான் கேமரா முன்னாடி உக்காந்தேன். நெசமாம்மா? உனக்கு ஆசைதானே?"

உள்ளே என் பெயரைச் சொல்லிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தேடி மெரிடித் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தீயணைப்பு வண்டியின் சிவப்புத் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"ஆமாண்டா கண்ணு," என்றேன். "ரொம்ப நாள் ஆசைடா."

"அப்ப சரிம்மா," என்று அவன் பெருமூச்சு விட்டான். "அப்பப் பரவால்ல."