பிரின்சி சொன்னதாக எழுதியது

…பல் துலக்கினான், பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றினான், கம்பெனிச் சீருடையை நனைத்து வைத்தான், குளித்தான், வெள்ளைச் சட்டையைப் போட்டான், எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, சினிமா ஆடிஷனுக்கான வீடியோ பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். முதலில் பெயர், எபினேசர், வயது இருபத்தொன்பது, உயரம், பிறகு முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும், அப்புறம் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும், சொந்த வாழ்க்கையிலிருந்து இருந்தால் நல்லது என்று ஆடிஷன்காரர்கள் போட்டிருந்தார்கள். மனைவி பிரின்சி காய்ச்சலில் போய்ப் பதினான்கு மாதம், அதைத்தான் எழுதினான், வேறு என்ன இருக்கிறது… பத்து நாளைக்கு முன்பு, கம்பெனியில் பக்கத்து மெஷின்காரன் ஜோஷ்வாவுக்கு ஒரு தடவை எடுத்து அனுப்பினான். மச்சான், பொண்டாட்டி செத்தவன் மாதிரியே இல்லடா, ஆதார் கார்டு போட்டோ மாதிரி கீற என்று பதில் வந்தது, ஒரு நிமிடம் கழித்து, சாரி மச்சான். அதனால்தான் அந்த வரியைச் சேர்த்தான், பிரின்சி கடைசியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நான் போனாலும் நீ சிரிச்சிக்கினே இருக்கணும் என்று சொல்வதாக. அவள் அப்படிப் பேசுகிறவளா? அவன் சிரித்தால், பல்லு வெளக்கினியா என்று கேட்கிறவள். ஆனால் வரி நன்றாக நின்றது, சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான், பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் கன்னியம்மா படுத்திருப்பதை யோசிக்கவில்லை. மருமகன் ஜெபத்தில் மனசு விட்டுப் பேசுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். போன ஞாயிறு சபையில், சாட்சி சொல்லும் நேரத்தில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, எம்பொண்ணு சாவற நேரத்துலயும் புருசன சிரிச்சிக்கினு இருன்னு சொல்லிட்டுத்தான் போனா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள், சபையே அல்லேலூயா சொன்னது. அவன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். அன்று மதியம் அவள் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக, அதை எப்படிப் பிடுங்குவது…

ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து ரெக்கார்டை அழுத்தினான், பெயர் சொன்னான், உயரம் சொன்னான், முகத்தைத் திருப்பினான், திருப்பிய பக்கத்தில் கன்னியம்மா டீ டம்ளருடன் நின்றிருந்தாள். நான் எதிர்ல குந்திக்கிறேன்பா, என்னப் பாத்து சொல்லு, ஊரே கேக்கட்டும் என்று போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரம்பித்தான், காய்ச்சல், வார்டு, குளுக்கோஸ், எல்லாம் வரிசையாக வந்தது, அந்த வரிக்கு முந்தைய வரி வரைக்கும். ஏம்பா, அப்போ என்னப் பத்தி இன்னா கேட்டா அவ, ஒன்னும் கேக்கலியா? கன்னியம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள், டீயை ஊதிக்கொண்டு. போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு… பிரின்சி போன அன்றைக்குக் கன்னியம்மா சிப்காட்டில் கம்பெனி கேன்டீன் வேலையில் இருந்தாள், உள்ளே போகிறவர்களின் போனை கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், ஆறு மணிக்குத்தான் கொடுப்பார்கள், ஆனால் கேட் செக்யூரிட்டியின் நம்பர் அவனிடம் இருந்தது, இரண்டு மணிக்கும் இருந்தது, மூன்று மணிக்கும் இருந்தது, ஆறு மணிக்கு அவளே வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டான், நாலு பத்துக்கு எல்லாம் முடிந்தது. இத்தனை தடவை சொல்லிப் பார்த்ததில் அவள் நிஜமாகச் சொன்ன அந்த இன்னொன்று அழிந்துபோயிருக்கும் என்று நினைத்தானே, அதற்காகத்தான் சொல்லிக்கொண்டே இருந்தானா? பிரின்சி அவன் கையைப் பிடிக்கவில்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எபி, அம்மாவ இட்டுனு வா, சாங்காலம் வேணாம், இப்பவே.