ஜிப்பெக் நகர்த்திய படங்கள்

கிர்கிஸ்தானின் நரின் நகரில் எங்கள் மேல்வீட்டு ஜிப்பெக், கட்டளைகளைத் தட்டியே லினக்ஸ் கற்கிறேன் பேர்வழி என்று மவுஸை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் சொந்தபந்தமெல்லாம் தேநீருக்கு வருகிறார்கள். மகனின் தொட்டில் விருந்துப் படங்களை டிவியில் காட்டியாக வேண்டும். படங்களைப் புது ஃபோல்டருக்கு நகர்த்தும் கட்டளையைத் தட்டினாள். கணினி மூச்சு விடவில்லை. கடுப்பில் அதையே மறுபடி தட்டினாள். இப்போது மட்டும் வாய் திறந்து, ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்றது.

“ஐயோ, மொத்தமும் போச்சு!” என்ற அலறல் கீழ்வீடு வரை கேட்டது.

மாவுக் கையோடு ஓடிவந்த ஓரகத்தி பெர்மெட், புது ஃபோல்டரைத் திறந்தாள். படங்கள் பத்திரமாக இருந்தன. “முதல் தடவையே நகர்த்திடுச்சுடி. சரியா முடிஞ்சா அது பேசாது. தப்புன்னாத்தான் கத்தும்.”

“அதுக்குத்தான் இந்த வீட்ல ஏற்கெனவே ஒரு மாமியார் இருக்காங்களே!” என்று பொருமினாள் ஜிப்பெக்.