ஆர்வில் இறக்காத சுருதி

என் அக்கா கார்னெட்டின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தெடுத்த டாக்டர், பேசலாம், ஆனால் கத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். எங்கள் மலையில் பாட்டு என்றாலே கத்தல்தான். உச்சக் குரலில் போய் நிற்காதவளை யாரும் பாடகி என்று மதிக்கமாட்டார்கள். இன்னொரு தடவை தொண்டை கிழிந்தால் பேச்சும் போய்விடும். அதனால் நானும் அவளும் கோழிக்கொட்டகைக்குப் பின்னால் நின்று பழகி, எல்லாப் பாட்டையும் இரண்டு கட்டை இறக்கி வைத்தோம்.

அவள் புருஷன் ஆர்விலுக்கு அது பிடிக்கவில்லை. பேஞ்சோ என்ற கம்பி வாத்தியம் வாசிக்கிறவன். பிடிவாதத்தில் கழுதை அவனிடம் தோற்றுப்போகும்.

"தொண்டையில ஒண்ணும் இல்ல நோலா. எல்லாம் பயம். ஒரு தடவ மேல போய்ட்டா தெளிஞ்சிடும்."

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா மாமா?"

"பாட்டப் பத்தி டாக்டருக்கு என்ன தெரியும்?"

அன்று ஊருக்குத் தீயணைப்பு வண்டி வாங்க நிதி திரட்டும் விழா. பள்ளிக்கூட மைதானத்தில் பீன்ஸும் சோளரொட்டியும் மணத்தன. பள்ளத்தாக்கே திரண்டு வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் நாலு பேருக்கும் ஒரே மைக். முறை வருகிறவர் அதன் முன்னால் வரவேண்டும், மற்றவர் ஒதுங்கவேண்டும். பேஞ்சோ தொடங்குகிற சுருதிதான் எல்லோருக்கும். தொடங்கிய பாட்டை நடுவில் நிறுத்துவது, பாதிரியார் பாதிப் பிரசங்கத்தில் வீட்டுக்குக் கிளம்புவது மாதிரி.

ஆர்வில் தொடங்கினான். பழைய சுருதி. பேஞ்சோவின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி, பழைய இடத்திலேயே மாட்டியிருந்தது. மறதி இல்லை, அவன் முகத்திலேயே தெரிந்தது. பாவி, வேண்டுமென்றே செய்திருக்கிறான். நான் வாசித்துக்கொண்டிருந்த ஆளுயர பாஸ் வாத்தியத்தை அவன் தலையில் போடலாம் போலிருந்தது. ஆனாலும் கை தாளத்தை விடவில்லை.

கார்னெட் பாடவேண்டிய இடம் வந்தது. அவள் மைக்குக்கு வரவில்லை. ஆர்விலைப் பார்த்துத் தலையசைத்தாள். எங்கள் குழுவில் யாரைப் பார்த்துத் தலையசைத்தாலும் அவர் ஒரு சுற்று வாசிக்கவோ பாடவோ வேண்டும். மேடையில் அதை மறுத்தவர் கிடையாது. அவன் சிரித்துக்கொண்டே வாசித்தான். மறுபடி தலையசைத்தாள். வாசித்தான். மறுபடியும். சிரிப்பு போய்விட்டது. அந்த வேகத்தில் விரல் எவ்வளவு நேரம் தாங்கும்? கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஃபிடில் வாசிக்கும் வெண்டெல் என்னைப் பார்த்து விழித்தான்.

வேர்த்து வழிய, ஆர்வில் அவள் பக்கம் சாய்ந்தான். "வா கார்னெட். வரும்."

"வராது. அந்தக் குரலு செத்துப்போச்சு. நீதான் இன்னும் புதைக்காம வச்சிருக்க."

அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாதது அது.

ஆர்விலின் கை நின்றது. நானும் நிறுத்தினேன், வெண்டெலும் நிறுத்தினான். மைதானத்தில் எங்கோ ஒரு குழந்தை அழுவது மட்டும் கேட்டது. அத்தனை பேரும் பார்த்திருக்க, அவன் கவ்வியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். கீழ்ச் சுருதியில் மறுபடி தொடங்கினான்.

கார்னெட் பாடினாள். கனத்த குரல், ஓரமெல்லாம் கரகரப்பு. ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாத குரல். ஆனால் உடையவில்லை. பல்லவி வந்தது. பல்லவியில் எப்போதும் அவள் மேலே பாடுவாள், ஆர்வில் கீழே. இப்போது அவள் கீழே இறங்கிவிட்டாள், மேலே ஆளில்லை. அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவன் ஜென்மத்தில் அந்த உயரத்துக்குப் போனதில்லை. போனான். முதல் வரியிலேயே குரல் பிளந்து, கூவப் பழகும் சேவல் மாதிரி கிறீச்சிட்டது. முன்வரிசையில் சிரித்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் முட்ட, ஆர்வில் இறங்காமல் மேலேயே நின்றான். கார்னெட் அவனுக்கு இடம் விட்டு மைக்கிலிருந்து சற்றே நகர்ந்துகொண்டாள்.