பிடுங்கிய பாதி

பக்கத்து வீட்டுக்காரி வந்து அவள் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"அக்கா! உங்க வயல்ல நாலு ஆளு இறங்கி நெல்லைப் புடுங்குறாங்க!"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வயலுக்கு ஓடினாள். கொழுந்தன் குடை பிடித்தபடி நடு வரப்பில் நின்றிருந்தான். நட்டு ஒரு மாதமே ஆன பயிர். மேற்குப் பாதியில் உயரமான தூர்களெல்லாம் வேரோடு பிடுங்கிக் குவிக்கப்பட்டிருந்தன.

"வேற ரகம் கலந்து கிடக்குற கலவனை எடுக்குறேன் அண்ணி. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. அண்ணன் வயலைப் பாத்து ஊரே சிரிக்குது."

"தெரிஞ்சேதான் கலந்தேன் தம்பி. நெட்டையா இருக்கே, அதுதான் நோய் தாங்குற ரகம். பூச்சி தூருக்குத் தூர் தாவித்தான் நோயைப் பரப்புது. நடுநடுவுல இது நின்னா அவ்வளவு சுலபமா பரவாது. விதைப் பண்ணையில கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

"சமையக்கட்டுல கலக்குற மாதிரி விதையையும் கலந்துட்டீங்களாக்கும்!"

ஆட்கள் சிரித்தார்கள். அவள் கிழக்குப் பாதியின் சேற்றில் இறங்கி அவர்களுக்கு எதிரே நின்றாள்.

"இனி ஒரு தூரைத் தொடணும்னா என்னைத் தள்ளிட்டுப் போங்க."

சிரிப்பு நின்றது. ஆட்கள் கரையேறினார்கள்.

"சித்தப்பா வந்து பாப்பாரு. பயிர் தேறலைன்னா நிலம் எனக்கு. ஞாபகம் இருக்கட்டும் அண்ணி."

புருஷன் இறந்ததும் சொந்தக்காரர்கள் கூடி எடுத்த முடிவு அது. ஒரு போகம் அவள் பயிர் வைத்துப் பார்க்கலாம். தேறாவிட்டால் நிலம் கொழுந்தனுக்கு. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கூலிக்கு ஒருவரும் வரவில்லை. தனியாகவே களை பறித்தாள், தண்ணீர் கட்டினாள். வீட்டில் பேச ஆளில்லை. குரலே மறந்துவிடுமோ என்று, கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டிடம் சில நாள் ஏதாவது சொல்லி வைப்பாள்.

அடுத்த மாதம் நோய் இறங்கியது. வயலுக்கு வயல் பயிர் குட்டையாகி, இலை ஆரஞ்சு நிறத்தில் பழுத்தது. கொழுந்தன் வயலும் தப்பவில்லை. அவளுடைய மேற்குப் பாதியும்தான். கிழக்கே ஐந்தாறு தூர் பழுத்ததோடு சரி. மற்றதெல்லாம் ஏற்ற இறக்கமாய், பச்சையாய்க் கதிர் விட்டிருந்தது.

கணவனின் சித்தப்பா உறவுக்காரர்களோடு வந்தார். கொழுந்தன் நடு வரப்பில் எல்லோரையும் மேற்கு பார்த்து நிறுத்தினான்.

"பாத்தீங்களா சித்தப்பா, பொம்பளை விவசாயம்!"

"ஏம்மா, பயிரை இப்படி விட்டுட்டியே?" என்றார் அவர்.

அவள் முந்தானையில் கைச்சேற்றைத் துடைத்துக்கொண்டாள்.

"இது தம்பி ஆள் விட்டுச் சீர் பண்ணின பாதி, மாமா. என் விவசாயம் உங்க முதுகுக்குப் பின்னால நிக்குது, கொஞ்சம் திரும்பிப் பாருங்க."